அம்மாவுக்கு 69 வயது, அம்மாயிக்கு மறதி நோய் இருந்தது: மூளை ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?

கோத்தகிரி_கொழுந்து எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம். இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் குடும்பத்தோடு இங்கே வந்தபோது அவருக்கு 16 வயது. அம்மாயிக்கு 75 வயதுக்கு மேல் மறதி நோய் வந்தது, ஒன்பது வருஷம் வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். கடைசி வருஷங்களில் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து கொழுந்து பறிக்கும்போது கட்டும் படங்குத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு, "பிரட்டுக்கு நேரமாச்சு, கங்காணி வைவான்" என்று கதவைத் தள்ளுவார். பிரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புவது. கோத்தகிரி வீட்டில் நின்றுகொண்டு ஹட்டன் லயத்துக்கு வழி கேட்பார். டிசம்பர் பனியில் ஒருமுறை வெளியே போய்விட்டார், தேயிலைக் காட்டுக்குள் இருந்து கண்டுபிடித்துக் கொண்டுவந்தோம். அப்புறம் நாங்கள் முறை போட்டு வாசலில் படுத்தோம்.

அதையெல்லாம் கூடவே இருந்து பார்த்தவர் அம்மா. அதனால் இப்போது சின்னதாக எதையாவது மறந்தாலே அவர் முகம் மாறிவிடுகிறது. ஆறு மாதமாகச் சில விஷயங்கள் நடக்கின்றன. பிரஷர் மாத்திரை போட்டோமா என்று தெரியாமல் இரண்டு முறை திரும்பப் போட்டிருக்கிறார். சொன்னதையே அரை மணி நேரத்தில் மறுபடி கேட்கிறார். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டுத் தோட்டத்துக் கீரை பறிக்கப் போய், சட்டி கரிந்தது. ஆனால் ரேஷன் கடைக் கணக்கு, சீட்டுப் பணம், யார் எவ்வளவு தரணும், எல்லாம் சுத்தமாக இருக்கிறது. காது ஒரு பக்கம் மந்தம். சர்க்கரை இல்லை.

கோயம்புத்தூரில் பார்த்த நரம்பியல் மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றார். சென்னையில் இருக்கும் தம்பி, எம்.ஆர்.ஐ. போதாது, பெட் ஸ்கேன் எடுத்தால் 15 வருஷம் முன்னாடியே தெரிந்துவிடும், பணம் நான் தருகிறேன் என்கிறான். எனக்குக் கேள்வி இதுதான். இந்த ஸ்கேன் எங்களுக்கு என்ன சொல்லும்? நோய் வருமா வராதா என்று சொல்லிவிடுமா? அம்மாவை மலை இறக்கிக் கூட்டிப் போய் அந்தக் குழாய்க்குள் படுக்க வைப்பதற்கு முன் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

குன்னூர்ச்_சாரல் எழுதியது:

எடுங்கள் அக்கா. எங்கள் அப்பா கதையைச் சொல்கிறேன். அவருக்கு 74 வயது. மழைக்காலத்தில் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தார், தலையில் லேசான வீக்கம், காயம்கூட இல்லை. ஒரு மாதம் கழித்து மந்தமாகிவிட்டார். பேரன் பேரை மாற்றிச் சொன்னார், பகலெல்லாம் தூங்கினார், நடக்கும்போது ஒரு காலை இழுத்தார். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம், வயசாயிடுச்சு, மறதிதான் என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். இன்னும் மூன்று வாரம் போனது. வேறு ஒருவர் சொல்லி சி.டி. ஸ்கேன் எடுத்தால், மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் பழைய ரத்தம் தேங்கி மூளையை ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தது. வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்குவதால் அதை ஒட்டி ஓடும் சின்ன ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்குமாம், லேசாக இடித்தாலும் கிழியுமாம். அப்பா ஆஸ்பிரின் வேறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். துளை போட்டு ரத்தத்தை எடுத்தார்கள். இப்போது அவரே மார்க்கெட் போய் வருகிறார்.

அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. எனவே மறதி, குழப்பம் என்று எது புதிதாக வந்தாலும் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். அம்மா சமீபத்தில் எங்காவது விழுந்தாரா என்றும் கேளுங்கள், பெரியவர்கள் சொல்ல மாட்டார்கள்.

ஸ்கேன்_அறை எழுதியது:

சகோதரி, நான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன், பதினாறு வருஷமாகக் கோயம்புத்தூரில் வேலை. சொந்த ஊர் உங்கள் பக்கம்தான். மருத்துவர் சொல்ல வேண்டியதை நான் சொல்ல முடியாது, ஆனால் மெஷினுக்குள் என்ன நடக்கிறது, ரிப்போர்ட்டில் என்ன வரும் என்று சொல்ல முடியும்.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: வருமா வராதா என்று எம்.ஆர்.ஐ. சொல்லாது. அது சொல்வது மூன்று விஷயம். முதலாவது, மேலே சாரல் சொன்ன மாதிரி சரிசெய்யக்கூடிய ஏதாவது இருக்கிறதா என்பது. தேங்கிய ரத்தம், கட்டி, மூளைநீர் அதிகமாகி உள்ளறைகள் வீங்குவது. இந்த நீர் தேங்கும் நோயில் மறதியோடு நடை தடுமாறும், சிறுநீர் அடக்க முடியாமல் போகும். பலருக்கு ஆபரேஷனில் நல்ல மாற்றம் தெரிகிறது.

இரண்டாவது, மூளையின் சின்ன ரத்தக் குழாய்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பது. ஃபிளேர் என்று ஒரு வகைப் படம் எடுப்போம், அதில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரியும். ரிப்போர்ட்டில் ஃபசேகாஸ் என்று போட்டு 0 முதல் 3 வரை ஒரு எண் இருக்கும். அந்த வயதில் 1 என்பது சாதாரணம். 2, 3 என்றால் பல வருஷப் பிரஷர் மூளைக்குள் வேலை பார்த்திருக்கிறது என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இந்தப் புள்ளிகள்தான் முக்கியமாகப் படுகின்றன, ஏனென்றால் இதற்குச் செய்ய வேண்டியது கையில் இருக்கிறது.

மூன்றாவது ஹிப்போகேம்பஸ். காதுக்கு நேர் உள்ளே, இரண்டு பக்கமும், கடல்குதிரை மாதிரி வளைந்து கிடக்கும் சின்னப் பகுதி. இன்று காலை என்ன நடந்தது என்பதைப் பதிய வைப்பது அதுதான். மறதி நோயில் அதிகம் வரும் வகையான அல்சைமர் நோயில் சீக்கிரம் சுருங்க ஆரம்பிக்கும் இடங்களில் அது ஒன்று. ஆரோக்கியமான முதியவருக்கே அது வருஷத்துக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் சுருங்கும், அல்சைமர் வந்தவருக்கு 3 முதல் 5 சதவீதம் வரை போகும். அதனால் ஒரே ஒரு படத்தை வைத்து அதிகம் பேச முடியாது. ஒருவருக்குப் பிறவியிலேயே அது சின்னதாக இருக்கலாம். எம்.டி.ஏ. என்று 0 முதல் 4 வரை எண் போடுவார்கள். 75 வயதுக்குள் 2 வந்தால் கவனிப்பார்கள், அதற்கு மேல் வயதானவருக்கு 3 வந்தால் கவனிப்பார்கள். இன்று எடுக்கும் படம், இரண்டு மூன்று வருஷம் கழித்து எடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஆகவே படங்களைப் பதிந்து தரும் சி.டி. தட்டை வாங்கிப் பீரோவில் பத்திரமாக வையுங்கள், ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். எத்தனையோ பேர் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு பழைய படம் இல்லாமல் வந்து நிற்கிறார்கள், மனசு கஷ்டமாக இருக்கும்.

பதிவு பண்ணும்போதே மறதிக்காக எடுக்கிறோம் என்று சொல்லுங்கள். அப்போதுதான் ஹிப்போகேம்பஸுக்குக் குறுக்கே மெல்லிசாகக் கரோனல் படம் எடுப்போம். வெறுமனே மூளை எம்.ஆர்.ஐ. என்றால் சில இடத்தில் அது இல்லாமலே முடித்துவிடுவார்கள். மறதிக்காக எடுக்கும் படத்துக்குப் பெரும்பாலும் மருந்து ஊசி தேவைப்படாது. கதிர்வீச்சும் கிடையாது, அந்தப் பயம் வேண்டாம்.

இப்போது அம்மாவுக்கான விஷயம். சேலையில் இருக்கும் ஊக்கு, மெட்டி, கொண்டை ஊசி, பல்செட், காது மெஷின் எல்லாம் கழற்ற வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கண்புரை ஆபரேஷனில் வைத்த லென்ஸ் பிரச்சினை இல்லை. மூக்குத்திதான் பெரும்பாடு. நம் மலைப் பெண்கள் ஐம்பது வருஷமாகக் கழற்றாத மூக்குத்தியோடு வருவார்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் திருகு வேறு உலோகமாக இருக்கலாம், படத்தையும் கெடுக்கும். அங்கே வந்து அவசரத்தில் முறுக்கி ரத்தம் வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் முன்னாடியே தேங்காய் எண்ணெய் விட்டு ஊற வைத்துக் கழற்றுங்கள், முடியாவிட்டால் ஆசாரியிடம் போங்கள்.

கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி வாந்தி எடுத்த கையோடு படுக்க வைக்காதீர்கள். முந்தின நாளே வந்து மேட்டுப்பாளையத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் நல்லது. இருபது முப்பது நிமிஷம் தலை அசையாமல் இருக்க வேண்டும், அசைந்தால் முதலில் கெடுவது அந்தக் கடல்குதிரைதான். உள்ளே சத்தம் பலமாக இருக்கும், காதுக்குப் பஞ்சு தருவோம், கையில் ஒரு பந்து கொடுப்போம், பயமாக இருந்தால் அமுக்கலாம். காது மந்தம் என்கிறீர்கள், அதனால் இதையெல்லாம் வீட்டிலேயே பொறுமையாகச் சொல்லிக் கூட்டி வாருங்கள்.

கோத்தகிரி_கொழுந்து எழுதியது:

அண்ணா, ரொம்ப நன்றி. மூக்குத்தி விஷயத்தை யாருமே சொல்லவில்லை. அம்மாவுடையது அம்மாயி போட்டுவிட்டது, ஹட்டனில் இருக்கும்போதே. பெட் ஸ்கேன் பற்றி யாராவது சொல்லுங்களேன், தம்பி தினமும் போன் பண்ணுகிறான்.

ஊட்டி_மகள் எழுதியது:

நான் சொல்கிறேன். எங்கள் அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது வயதுக்கு ஏற்ற மாற்றம்தான் என்று வந்தது. நாங்கள் சந்தோஷப்பட்டு ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டோம். அது எங்கள் தப்பு. படம் நன்றாக இருந்தாலும் ஆள் மாறிக்கொண்டே போனால் ஆளைத்தான் நம்ப வேண்டும். அம்மா ஆவினுக்குப் போகும் வழியை மறந்தார், அதற்கப்புறம் பெங்களூருக்குக் கூட்டிப் போய் பெட் எடுத்தோம்.

பெட்டில் இரண்டு வகை உண்டு, உங்கள் தம்பி எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள். ஒன்று குளுக்கோஸ் பெட். மூளையின் எந்தப் பகுதி சர்க்கரையைக் குறைவாக எடுத்துக்கொள்கிறது என்று காட்டும், எங்கள் அம்மாவுக்கு எடுத்தது அதுதான். பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் மங்கலாக இருந்தது, அல்சைமர் என்றார்கள். இன்னொன்று அமிலாய்டு பெட். அல்சைமர் மூளையில் படியும் அமிலாய்டு என்கிற புரதத்தையே ஒளிர வைத்துக் காட்டும். 1906இல் அலோய்ஸ் அல்சைமர் இறந்தவரின் மூளையை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்த அதே படிவுதான். உயிரோடு இருப்பவருக்கு அதைப் படம் எடுக்க, பி.ஐ.பி. என்கிற கதிரியக்க மருந்தை முதல்முறை ஊசியில் ஏற்றியது 2002இல், ஸ்வீடனில். அந்த மருந்தின் கதிரியக்கம் 20 நிமிஷத்தில் பாதியாகிவிடும். இப்போது பயன்படுத்தும் ஃப்ளூரின் வகை பாதியாக 110 நிமிஷம் ஆகும். ஆகையால் முதல் வகை ஸ்கேன் மெஷினுக்குப் பக்கத்திலேயே தயாராக வேண்டும், ஃப்ளூரின் வகையைச் சில மணி நேரப் பயணத் தூரத்துக்குள் வேறு இடத்தில் செய்து கொண்டுவரலாம்.

தம்பி சொல்லும் 15 வருஷம் உண்மைதான். அறிகுறி வருவதற்கு 15, 20 வருஷம் முன்பே அமிலாய்டு படிய ஆரம்பிக்கிறது. ஆனால் இன்னொரு உண்மையும் இருக்கிறது. 70 வயதில் நல்ல ஞாபகத்தோடு நடமாடுபவர்களிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அமிலாய்டு பாசிட்டிவ் வரும். அவர்களில் பலர் மறதி வராமலேயே வாழ்ந்து முடிப்பார்கள். பாசிட்டிவ் என்று வந்தால் உங்கள் அம்மா ஒவ்வொரு முறை கரண்டியைத் தேடும்போதும் அம்மாயியை நினைத்து நடுங்குவார். அதற்கு மாற்றாகக் கொடுக்க இன்று மருந்து இருக்கிறதா? லெகனெமாப் என்று ஒன்று 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது. ஆரம்ப நிலை அல்சைமர் இருப்பவர்களுக்கு 18 மாதத்தில் சரிவை 27 சதவீதம் மெதுவாக்கியது, நிறுத்தவில்லை. மூளை வீக்கம், ரத்தக்கசிவு வருகிறதா என்று அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அறிகுறியே இல்லாதவருக்கு அதைக் கொடுப்பதில்லை. அப்படிப்பட்ட மருந்து தொடங்கலாமா என்று மருத்துவர் யோசிக்கும் கட்டத்தில் அமிலாய்டு பெட்டுக்கு வேலை இருக்கிறது. உங்கள் அம்மா அந்தக் கட்டத்தில் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு இப்போது 51. எனக்கும் பயம் இருக்கிறது. அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு ஆபத்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்கிறார்கள். ஏ.பி.ஓ.ஈ. நான்கு என்கிற மரபணு வகை இருந்தால் இன்னும் கூடும், அப்போதும் நிச்சயம் வரும் என்று அர்த்தமில்லை. கட்டாயம் வந்தே தீரும் குடும்ப வகை மிக மிக அரிது, அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே வந்துவிடும். உங்கள் அம்மாயிக்கு 75க்கு மேல் வந்தது என்பதைத் தம்பியிடம் சொல்லுங்கள்.

மலைக்காத்து எழுதியது:

எனக்கு வேறு கருத்து. வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், முன்கூட்டியே தெரிந்து என்ன செய்யப் போகிறோம்? என் பெரியம்மாவை ஒரு வருஷம் ஸ்கேன் ஸ்கேன் என்று மலை ஏற்றி இறக்கிக் களைத்துப்போகச் செய்துவிட்டோம், அந்த நேரத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கலாம்.

ஓய்வு_செவிலி எழுதியது:

மலைக்காத்து தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் இந்த மாவட்டத்தில் 28 வருஷம் கிராமச் செவிலியாக வேலை பார்த்தவள், தோட்டத்து லயம், படுகர் ஊர்களான ஹட்டி எல்லாம் நடந்திருக்கிறேன்.

கொழுந்து மகளே, ஸ்கேனுக்கு முன்னால் ரத்தம் எடுத்தார்களா? பி12, தைராய்டு, சோடியம், ஹீமோகுளோபின். பி12 குறைவு ஒன்றே போதும், மறதியும் குழப்பமும் வர. மலிவான பரிசோதனை. அப்புறம் அம்மா தூக்க மாத்திரையோ, சளிக்கு, அரிப்புக்கு, மூத்திரக் கடுப்புக்கு என்று கடையில் வாங்கிய மாத்திரையோ சாப்பிடுகிறாரா? அவற்றில் சில வயதானவர்களின் மூளையை மந்தமாக்கும். எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டு போய்க் காட்டு.

பிரஷர் எவ்வளவு? அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்ட 9,000க்கும் அதிகமானவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, ஸ்பிரின்ட் என்று பேர். மேல் அளவை 140க்குக் கீழே வைத்தவர்களைவிட 120க்குக் கீழே வைத்தவர்களுக்கு லேசான ஞாபகக் குறைவு 19 சதவீதம் குறைவாக வந்தது. எம்.ஆர்.ஐ.யிலும் அந்த வெள்ளைப் புள்ளிகள் குறைவாகவே கூடின. அதற்காக நீயாக மாத்திரையைக் கூட்டிவிடாதே, மலைப்படியில் தலை சுற்றி விழுந்தால் சாரல் தம்பி அப்பாவின் நிலைதான். மருத்துவரிடம் கேள். இப்போதே இரண்டு முறை மாத்திரை போடுகிறார் என்கிறாய், கிழமை எழுதிய டப்பா ஒன்று வாங்கி ஞாயிறன்று நீயே நிரப்பி வை.

காதை விட்டுவிடாதே. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மறதி நோய்க்கு மாற்றக்கூடிய காரணங்கள் என்று 14 சொன்னது, காது மந்தம் அதில் ஒன்று, பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால், புகை, தனிமை, கண் பார்வை எல்லாம் அதில் உண்டு. பின்லாந்தில் ஆபத்து கூடுதலாக இருந்த 60 முதல் 77 வயதுக்காரர்கள் 1,260 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, பிரஷர் கவனிப்பு என்று எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு வருஷம் கொடுத்தார்கள். மற்றப் பாதியைவிட அவர்களுடைய சிந்திக்கும் திறன் நன்றாக இருந்தது. உன் அம்மா சீட்டுக் கணக்குப் பார்க்கிறார், அதை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளாதே. கேஸ் அடுப்பில் வைக்கும்போது மட்டும் நீ பக்கத்தில் இரு.

இன்னொன்று. ஞாபகப் பரிசோதனையில் கடிகாரம் வரையச் சொல்வார்கள், 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். அம்மா எத்தனாவது வரை படித்தார் என்று முதலில் சொல்லிவிடு, இல்லாவிட்டால் படிக்காததற்கும் சேர்த்து மதிப்பெண் குறைத்துவிடுவார்கள். வீட்டில் முன்னால் செய்த எதை இப்போது செய்ய முடியவில்லை என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போ. ஒரு நல்ல மருத்துவருக்கு அந்த நோட்டும் ஸ்கேன் மாதிரிதான்.

கோத்தகிரி_கொழுந்து எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் நன்றி.

எம்.ஆர்.ஐ. மட்டும் எடுத்தோம். தம்பியிடம் ஊட்டி மகள் அக்கா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி அந்தப் பணத்தை அம்மா காதுக்கு வைத்துக்கொள் என்றான். ரத்தப் பரிசோதனையில் பி12 ரொம்பக் குறைவு, ஊசி போடுகிறோம். ஸ்கேனில் ரத்தம், கட்டி எதுவும் இல்லை. எம்.டி.ஏ. 1. ஃபசேகாஸ் 2. மருத்துவர் வெள்ளைப் புள்ளிகளைக் காட்டி, பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், வீட்டில் அளந்து எழுதச் சொன்னார். ஆறு மாதம் கழித்து ஞாபகப் பரிசோதனையைத் திரும்ப வைத்துப் பார்க்கலாம், அதுவரை எந்தப் பெயரும் வைக்க வேண்டாம் என்றார். சி.டி.யைப் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன் அண்ணா.

மூக்குத்தி மூன்று நாள் எண்ணெயில் ஊறியும் வரவில்லை, ஆசாரிதான் கழற்றிக் கொடுத்தார். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். மெஷினுக்குள் பயமாக இருந்ததா என்று கேட்டேன். "என்ன பயம், ஃபேக்டரியில ரோலர் ஓடுற சத்தம்தான்" என்றார்.

இப்போது காது மெஷின் பார்க்கிறோம். ஊட்டியிலோ குன்னூரிலோ காது அளந்து, சரிசெய்து, பிறகு பழுது வந்தாலும் பார்த்துக்கொடுக்கும் இடம் யாருக்காவது தெரியுமா? அம்மா அடுப்புப் பக்கம் நிறைய நேரம் இருப்பவர், இந்த ஊர் ஈரத்துக்கும் புகைக்கும் எந்த மாதிரி மெஷின் தாங்கும் என்று போட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.